கிணற்றுக்குள் மீன், குழாய்க்குள் பன்றி: எண்ணெய் வயல் பேச்சு தெரியுமா?

‘பிரெண்ட் ரகக் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு இத்தனை டாலர்’ என்று செய்தியில் ஒரு வரி வாசிப்பார்கள். உடனே தங்கம் விலைக்குப் போய்விடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை அதிசயம் ஒளிந்திருக்கிறது தெரியுமா?

பிரெண்ட் ஒரு பறவை! ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் இங்கிலாந்துக் கரைக்கு வரும் காட்டு வாத்து. ஷெட்லாண்ட் தீவுகளுக்கு வடகிழக்கே, வட கடலுக்கு அடியில் 1971ல் எண்ணெய் கண்டுபிடித்த ஷெல் கம்பெனி, தன் வயல்களுக்குப் பறவைகளின் பெயரை வைத்துக்கொண்டிருந்தது. ஒன்றுக்கு நீர்க்காகம், ஒன்றுக்கு உள்ளான், இதற்கு வாத்து. இன்னும் பெரிய ஆச்சரியம், அந்த வயலில் இப்போது எண்ணெயே எடுப்பதில்லை! 2021ல் கடைசி மேடையும் உற்பத்தியை நிறுத்திவிட்டது. வயல் ஓய்ந்தாலும் பெயர் உலகச் சந்தையை ஆள்கிறது. அக்கம்பக்கத்து வட கடல் வயல்களின் எண்ணெயும், 2023 முதல் டெக்சாஸ் மிட்லாண்ட் எண்ணெயும் சேர்ந்துதான் இன்றைய ‘பிரெண்ட்’ விலையைத் தீர்மானிக்கின்றன.

சரி, பீப்பாய்? கச்சா எண்ணெயை இன்று யாரும் பீப்பாயில் ஏற்றுவதில்லை. கப்பலிலும் குழாயிலும்தான் போகிறது. 1860களில் பென்சில்வேனியாவில் எண்ணெய் பொங்கியபோது பிடித்துவைக்கப் பாத்திரம் போதவில்லை. விஸ்கிப் பீப்பாய், மீன் பீப்பாய் என்று கையில் கிடைத்ததிலெல்லாம் நிரப்பினார்கள். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அளவில் தகராறு வந்து, கடைசியில் 42 அமெரிக்க காலன் என்று ஒரு கணக்குக்கு வந்தார்கள். ஏறத்தாழ 159 லிட்டர். நூற்றைம்பது வருடம் ஆகியும் அந்தக் கணக்கு அசையவில்லை. நாம் கடைகளில் பார்க்கும் பெரிய டிரம் 200 லிட்டருக்கு மேல் பிடிக்கும், அது வேறு.

இந்தப் பீப்பாய் பூஜ்யத்துக்கும் கீழே விலைபோன நாள் ஒன்று உண்டு, தெரியுமா? 2020 ஏப்ரல் 20. ஊரடங்கில் உலகமே வண்டியை நிறுத்திவிட்டது. அமெரிக்க எண்ணெயை ஒப்படைக்கும் ஓக்லஹோமாவின் குஷிங் ஊரில் டாங்குகளில் இடம் கிடைக்கவில்லை. மே மாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தவர்கள், எண்ணெயையும் கொடுத்துக் கூடவே காசும் கொடுத்துத் தள்ளிவிடப் பார்த்தார்கள். அன்றைய முடிவு விலை மைனஸ் 37.63 டாலர்!

கச்சா எண்ணெயில் இனிப்பு, புளிப்பு என்று ரகம் உண்டு. அந்தக் காலத்தில் உண்மையாகவே நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கந்தகம் அரை சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் இனிப்பு, அதற்கு மேலே போனால் புளிப்பு. புளிப்பு எண்ணெயோடு வரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டை போல நாறும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். பாடத்தில் சொல்லாத செய்தி இதுதான்: அளவு கூடினால் அது மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றால் வாயு போய்விட்டது என்று ஆகாது, ஆபத்து பல மடங்கு ஏறிவிட்டது என்றும் ஆகலாம். அதனால்தான் புளிப்பு வயலில் வேலை பார்ப்பவர்கள் மூக்கை நம்புவதே இல்லை, சட்டையில் அளவுமானியை மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். 2020 ஏப்ரலில் வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு விதிப்படி நம் பெட்ரோல் பங்க்குகளில் விற்கும் பெட்ரோல், டீசலில் பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்குக்கு மேல் கந்தகம் இருக்கக் கூடாது. முன்பு ஐம்பது பங்கு வரை விட்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் போர் போட்ட வீட்டுக்காரர் எவருக்கும் எண்ணெய் வயலின் பாதிப் பேச்சு ஏற்கெனவே தெரியும்! ரிக், பிட், கேசிங் பைப் எல்லாம் திருச்செங்கோட்டு வண்டிகள் ஊர் ஊராகக் கொண்டுபோன சொற்கள். துளையின் பக்கவாட்டு மண் சரியாமல் இருக்க இரும்புக் குழாய் இறக்கித் துளைக்கும் வேலையை 1859ல் எட்வின் டிரேக் டைட்டஸ்வில் ஊரில் செய்து காட்டினார். 69 அடியில் எண்ணெய் கண்டார். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் போர் வண்டி கம்ப்ரஸர் காற்றை அடித்துப் பாறைத் தூளை வெளியே ஊதித் தள்ளும். எண்ணெய்க் கிணற்றில் காற்றுக்குப் பதிலாகச் சேறு!

ஆமாம், ‘மட்’ என்றே சொல்கிறார்கள். அதற்கென்றே மட் இன்ஜினியர் இருக்கிறார், மட் பம்ப் இருக்கிறது. குழாய் வழியே கீழே இறங்கும் சேறு, துளைக்கும் முனையான பிட்டின் துவாரங்களில் பீறிட்டு, அதன் சூட்டைத் தணித்து, உடைந்த பாறைத் துகளை அள்ளிக்கொண்டு குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக மேலே வருகிறது. போகிற போக்கில் கிணற்றுச் சுவரில் ஒரு பூச்சு பூசிவிட்டும் வருகிறது. அதைவிட முக்கியம் அதன் எடை. பாறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் எண்ணெயும் வாயுவும் மேலே பாயாமல் அழுத்திப் பிடித்திருப்பது அந்தச் சேற்றுத் தம்பத்தின் பாரம்தான். எடை போதாதென்றால் பேரைட் என்ற கனமான தாதுப் பொடியைக் கலப்பார்கள். உலகின் மிகப் பெரிய பேரைட் படிவுகளில் ஒன்று நமக்குப் பக்கத்தில், ஆந்திராவின் மங்கம்பேட்டையில் இருக்கிறது.

இந்தச் சேறு எப்படி வந்தது தெரியுமா? டெக்சாஸில் பியூமான்ட் ஊருக்கு அருகே ஸ்பிண்டில்டாப் மேடு. அங்கே மணல் சரிந்து சரிந்து துளை மூடிக்கொண்டே இருந்தது. வெறும் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை. மாடுகளைக் குட்டையில் இறக்கி மிதிக்கவிட்டு, கலங்கிய சேற்றுத் தண்ணீரைக் கிணற்றுக்குள் செலுத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. சுவர் நின்றது. 1901 ஜனவரி 10 அன்று கிணறு வெடித்து எண்ணெய் நூறடிக்கு மேல் பீறிட்டது. நாளுக்கு ஒரு லட்சம் பீப்பாய் கொட்டியதாக மதிப்பிட்டார்கள். அடக்க ஒன்பது நாள் ஆனது!

இப்போது அந்தச் சேறு பேசவும் செய்கிறது. பல கிலோமீட்டர் ஆழத்தில், பிட்டுக்குச் சற்று மேலே இருக்கும் கருவி தான் எந்தத் திசையில் சாய்ந்து போகிறது என்று மேலே சொல்லியாக வேண்டும். கம்பி கிடையாது, ரேடியோ அலை அத்தனை பாறையைத் தாண்டி வராது. அதனால் சேற்றின் ஓட்டத்தை விட்டுவிட்டு மறித்து அழுத்தத் துடிப்புகளை எழுப்புகிறது. மேலே உட்கார்ந்திருப்பவர் அந்தத் துடிப்பைப் படித்து, கண்ணால் காணாத பிட்டைத் திருப்புகிறார்!

பிட் தேய்ந்துவிட்டால் என்ன செய்வார்கள்? மொத்தக் குழாயையும் வெளியே எடுக்க வேண்டும். இதற்கு டிரிப் என்று பெயர். மும்மூன்று குழாய் சேர்ந்த, தொண்ணூறு அடி நீளத் தொகுதியாகக் கழற்றிக் கோபுரத்துக்குள் சாய்த்து வைப்பார்கள். மூவாயிரம் மீட்டர் கிணறு என்றால் நூற்றுக்கும் மேற்பட்ட தடவை கழற்றி, பிட்டை மாற்றி, மறுபடி அத்தனையையும் மாட்டி இறக்க வேண்டும். ஒரு பிட் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதில் அவ்வளவு பணம் இருக்கிறது. கடினப் பாறையை அரைக்கும் இரட்டைக் கூம்பு பிட்டுக்கு 1909ல் காப்புரிமை வாங்கிய ஹோவர்ட் ஹியூஸ் பெரும் செல்வரானார். விமானமும் சினிமாவுமாக வாழ்ந்த அதே பெயர்க்காரர் அவர் மகன். அந்த ஆடம்பரத்துக்கெல்லாம் முதல் போட்டது ஒரு பிட்!

டிரிப் நடக்கும்போது கோபுரத்தின் உச்சியில் ஒட்டியிருக்கும் சின்னத் தட்டில் ஒருவர், இடுப்பில் பெல்ட்டோடு அந்தரத்தில் சாய்ந்து நின்று குழாயின் தலையைப் பிடித்து இழுத்து வைப்பார். அவர் நிற்கும் இடத்துக்குப் பெயர் குரங்குப் பலகை! எண்ணெய் வயலில் ஒரு மிருகக்காட்சிச் சாலையே இருக்கிறது, தெரியுமா? தளத்தில் அடுத்த குழாயைத் தயாராகச் செருகி வைக்கும் துளை எலி வளை. அதைவிடப் பெரியது பெருச்சாளி வளை. துளைப்பவர்கள் ஒதுங்கும் அறை நாய் வீடு. குழாயை இழுத்துவரும் பாதை பூனை நடை. குழாய்க்குள் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க விடும் உருளை முயல். தலையாட்டிக்கொண்டே எண்ணெய் இறைக்கும் இயந்திரம் கழுதை. யாரும் போகாத இடத்தில் துணிந்து துளைக்கும் முதல் கிணறு காட்டுப் பூனை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் புழு. பிரம்மாண்டமான வயல் அகப்பட்டால் யானை!

பன்றிக்குத் தனியாகவே ஒரு பத்தி வேண்டும். எண்ணெய், வாயு போகும் நீண்ட குழாய்க்குள் அடைத்துக்கொண்டு ஓடும் உருளைக் கருவிக்குத்தான் ‘பிக்’ என்று பெயர். ஏற்றுவதற்கு ஒரு முனையில் வாசல், பிடிப்பதற்கு மறுமுனையில் பொறி. பின்னாலிருந்து தள்ளும் எண்ணெயின் அழுத்தத்திலேயே ஓடி, மெழுகையும் படிவையும் வழித்துக்கொண்டு போய்ச் சேரும். கெட்டிக்காரப் பன்றி ஒன்றும் உண்டு. காந்தப் புலத்தால் குழாயின் இரும்பைத் தடவிக்கொண்டே போய், எங்கே துரு அரித்திருக்கிறது, எங்கே தடிமன் குறைந்திருக்கிறது என்று பதிவு செய்துகொண்டு வரும். பல கிலோமீட்டர் வயல்களுக்கும் வீடுகளுக்கும் அடியில் புதைந்திருக்கும் குழாயின் உடல்நிலையைத் தோண்டாமலே அறிய இது முக்கியமான வழி. உங்கள் ஊர் வழியாகக் குழாய் போகிறது என்றால், அதிகாரிகளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி என் கணக்கில் இதுதான்: கடைசியாக எப்போது இதில் பிக் விட்டீர்கள், அறிக்கை என்ன சொன்னது?

கிணற்றுக்குள் விழுந்த எதுவானாலும் அது மீன். ஸ்பேனர் விழுந்தாலும் மீன், முறிந்த குழாயானாலும் மீன். அதை எடுப்பது மீன்பிடிப்பு. அதற்குக் காந்தம், கொக்கி, கவ்விகள் என்று தனிக் கருவிகள், தனி நிபுணர்கள்! மீன் சிக்காவிட்டால் சிமெண்ட் போட்டு மூடிப் பக்கத்தில் திரும்பித் துளைக்க வேண்டியதுதான்.

இனி வரும் சொற்களை நிதானமாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் உயிர்கள் இருக்கின்றன. சேற்றின் பாரத்தை மீறிப் பாறையிலிருந்து வாயு கிணற்றுக்குள் நுழைந்தால் அது ‘கிக்’. கவனித்துவிட்டால் சமாளிக்கலாம். கைமீறினால் ‘புளோ அவுட்’. அதைத் தடுக்கக் கிணற்றின் வாயில் வால்வுகளை அடுக்கி ஓர் இரும்புக் கோபுரம் வைத்திருப்பார்கள். கடைசிக் கட்டமாக, நடுவில் இருக்கும் குழாயையே வெட்டிக் கிணற்றை மூடும் கத்திகளும் அதற்குள் உண்டு. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக்குக்குக் கீழே, ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழக் கடல் தரையில் இருந்த அந்தக் கோபுரத்தின் எடை 300 டன்னுக்கு மேல். குழாய் வளைந்து ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்ததால் கத்திகளால் முழுதாக வெட்ட முடியவில்லை. பதினொரு பேர் இறந்தார்கள். எண்ணெய் 87 நாள் கடலில் கொட்டியது. அந்தக் கிணற்றுக்கு மகோண்டோ என்று பெயர். மார்க்வெஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலில் வரும் ஊர்!

அடங்காத கிணற்றை ‘கொல்வது’ என்பார்கள். கனமான சேற்றை உள்ளே செலுத்தி மூச்சை அடக்குவது. அசாமின் பாக்ஜானில் 2020 மே 27 அன்று ஒரு பழைய கிணற்றில் பழுது பார்க்கும் வேலை நடக்கும்போது வாயு பீறிட்டது. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது; தீயணைப்பு வீரர் இருவர் உயிரிழந்தனர். பக்கத்திலேயே மாகுரி ஈரநிலம், திப்ரு சைகோவா தேசியப் பூங்கா. ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு முகாமுக்குப் போனார்கள். ‘கிணறு கொல்லப்பட்டது’ என்ற அறிவிப்பு வந்தது நவம்பர் 15ல்தான். ஐந்தரை மாதம்! 1991ல் குவைத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட கிணறுகள் ஒரே சமயத்தில் எரிந்தபோது எப்படி அணைத்தார்கள் தெரியுமா? சிலவற்றைக் கடல் தண்ணீரால், சிலவற்றை வெடிமருந்தால். வெடி ஒரு கணம் ஆக்சிஜனைப் பறித்துத் தீயை எண்ணெயிலிருந்து பிரித்துவிடும். ஹங்கேரிக்காரர்கள் பழைய ராணுவ டாங்கியின் முதுகில் இரண்டு மிக்-21 ஜெட் இன்ஜின்களைப் பொருத்திக் கொண்டுவந்து, தண்ணீர் கலந்த புயலால் தீயை ஊதி அணைத்தார்கள்!

‘பெர்மிட் டு ஒர்க்’ என்று ஒரு காகிதம் உண்டு. வளைகுடாவில் வேலை பார்க்கும் உங்கள் வீட்டுப் பையனிடம் கேட்டுப் பாருங்கள், இது இல்லாமல் ஒரு நட்டைக்கூடத் தொட விடமாட்டார்கள் என்பான். ஏன் இத்தனை கண்டிப்பு? 1988 ஜூலை 6, வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை. இரண்டு பம்புகளில் ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்க்கக் கழற்றிவிட்டு, திறந்த வாயில் ஒரு மூடித் தகட்டைப் பொருத்தியிருந்தார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை. அந்தச் செய்தி காகிதத்தில் இருந்தது. அடுத்த ஷிப்டின் காதுக்குப் போகவில்லை. இரவு பத்து மணி வாக்கில் மற்ற பம்ப் நின்றுபோக, இதை ஓட்டலாம் என்று நினைத்து முடுக்கினார்கள். தகடு தாங்கவில்லை. 167 பேர் இறந்தார்கள். கடல் எண்ணெய்த் தொழிலின் பாதுகாப்பு விதிகளை அடியோடு மாற்றியது அந்த ஒரு இரவு.

ஒரு கிணறு இத்தனையையும் தாண்டி உற்பத்திக்கு வந்துவிட்டால் அதன் தலையில் கிறிஸ்துமஸ் மரம் வைப்பார்கள்! மேலும் கீழுமாகவும் கை விரித்தாற்போலவும் வால்வுகளை அடுக்கிய அமைப்பு. ஆழ்கடல் கிணறுகளில் இந்த மரம் கடல் தரையிலேயே நிற்கும், தொலைவில் இருந்தபடியே திறந்து மூடுவார்கள்.

காகிதத்தில் வரும் சொற்களில்தான் சாதாரண வாசகர் அதிகம் ஏமாறுகிறார். எம் என்றால் மில்லியன் என்று நினைப்போம். இந்தத் தொழிலில் ஒரு எம் ஆயிரம். ரோமானியக் கணக்கு! ஆயிரம் ஆயிரம் சேர்ந்த எம்எம்தான் மில்லியன். வறண்ட கிணறு என்றால் உள்ளே தண்ணீர் நிறைந்தே இருக்கலாம். எண்ணெய் இல்லை என்பதுதான் பொருள். ‘இத்தனை கோடி பீப்பாய் கண்டுபிடிப்பு’ என்று தலைப்பு வந்தால், பாறைக்குள் இருப்பதைச் சொல்கிறார்களா, எடுக்கக்கூடியதைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலான வயல்களில் பாதிக்கு மேல் பாறையிலேயே தங்கிவிடும்.

‘ஹைட்ரோகார்பன்’ என்ற சொல் நம்மிடையே எப்படிப் பரவியது என்று நினைவிருக்கும். 2017 தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலில் மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். சில வாரங்களில் டீக்கடை வரை அந்தச் சொல் வந்துவிட்டது. மீத்தேனா, ஷேல் வாயுவா, எண்ணெயா, எதை எடுக்கப் போகிறார்கள் என்று ஊர் கேட்டது. எல்லாமே ஹைட்ரோகார்பன்தான், பெட்ரோலும் மெழுகுவத்தியும்கூட. 2016ல் மத்திய அரசு கொண்டுவந்த புதிய உரிமக் கொள்கை இவை அத்தனைக்கும் ஒரே உரிமத்தை வைத்தது. ஆகவே ஊர்க்காரர்களின் கேள்வி அறியாமையால் வந்தது அல்ல. மிகச் சரியான இடத்தில் விழுந்த கேள்வி. அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எந்தெந்தத் துளை முறை அடங்குகிறது என்பதைத் தமிழில் விளக்கிச் சொல்லிவிட்டு அல்லவா வயலில் கால் வைத்திருக்க வேண்டும்! 2020ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்தபோது புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வுகளுக்கு அங்கே தடை வந்தது.

பாறையை நீரழுத்தத்தால் பிளந்து வாயு எடுக்கும் ‘ஃபிராக்கிங்’ பற்றியும் அப்போது நிறையப் பேசினோம். அதில் நம் கொத்தவரங்காய்க்குப் பங்கு உண்டு, தெரியுமா? பிளந்த விரிசல் மூடாமல் இருக்க மணலை உள்ளே அனுப்ப வேண்டும். வெறும் தண்ணீரில் மணல் அடியில் தங்கிவிடும். கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் கோந்தைக் கலந்தால் தண்ணீர் கெட்டியாகி மணலைச் சுமந்துபோகும். அமெரிக்காவில் ஷேல் வேட்டை உச்சத்தில் இருந்த 2011, 2012ல் ராஜஸ்தான் சந்தையில் கொத்தவரை விதை விலை தாறுமாறாக ஏறியது!

எல்என்ஜி, சிஎன்ஜி, எல்பிஜி மூன்றும் குழப்புகிறதா? இயற்கை வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்தால் அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கித் திரவமாகும், அது எல்என்ஜி. 2019ல் தொடங்கிய எண்ணூர் முனையத்துக்குக் கப்பலில் வருவது இதுதான். அதே வாயுவைக் குளிரவைக்காமல் வெறுமனே அழுத்தி ஆட்டோவில் அடைத்தால் சிஎன்ஜி. சமையலறை சிலிண்டரில் இருப்பது வேறு சரக்கு: புரொப்பேனும் பியூட்டேனும் அழுத்தத்தால் திரவமான எல்பிஜி.

அந்தச் சிலிண்டரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் மூன்று பட்டைத் தகடுகளில் ஒன்றின் உள்பக்கம், ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் எழுதியிருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை, இலக்கம் வருடம். பி-29 என்றிருந்தால் 2029 ஜூனுக்குள் அது அடுத்த அழுத்தச் சோதனைக்குப் போயாக வேண்டும். தேதி கடந்த சிலிண்டர் வந்தால் இறக்க விடாதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள். காலி எடையும் அங்கேயே இருக்கும்; அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் நிறைந்த சிலிண்டரின் எடை.

கடைசியாக அந்த நாற்றம். கேஸுக்கு இயல்பில் வாசனையே கிடையாது, தெரியுமா? 1937 மார்ச் 18, டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளிக்கூடம். கசிந்த இயற்கை வாயு தரைக்கு அடியில் தேங்கியிருந்தது ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு மின்பொறி போதுமாக இருந்தது. ஏறத்தாழ முந்நூறு பேர் போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அதன் பிறகுதான் வாயுவில் நாற்றம் கலக்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் போட்டது. வழக்கம் உலகெங்கும் பரவியது. நம் சிலிண்டரில் கலப்பது எத்தில் மெர்காப்டன். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தேங்கும். அதனால் அந்த வாடை வந்தால் ஸ்விட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே போய் நின்று 1906க்குப் போன் செய்யுங்கள். நாடு முழுக்க எல்பிஜி கசிவுக்கென்றே வைத்திருக்கும் எண் அது, இரவானாலும் எடுப்பார்கள்.